வைரஸை அளந்த ரோசலிண்ட் ஃபிராங்க்ளின்

ஒரு வைரஸின் குறுக்களவு எவ்வளவு? இந்தக் கேள்விக்கு விடை காண இன்று கல்லூரி மாணவர் ஒருவருக்குச் சில நிமிடங்கள் போதும். உலகெங்கும் ஆய்வாளர்கள் கண்டறிந்த புரதங்களின் வடிவங்கள், ஒவ்வோர் அணுவும் எங்கே இருக்கிறது என்ற குறிப்புடன், 1971-இல் தொடங்கப்பட்ட புரதத் தரவு வங்கியில் எவரும் எடுத்துக்கொள்ளும் வகையில் சேமித்து வைக்கப்பட்டுள்ளன. அதிலிருந்து போலியோ வைரஸுக்குரிய கோப்பைத் தரவிறக்கி, 'கைமேரா' போன்ற மூலக்கூறுக் காட்சி மென்பொருள் ஒன்றில் திறந்தால், மரபுப் பொருளைப் பொதிந்து காக்கும் புரத உறை முழு உருவில் திரையில் தோன்றும். அதை எந்தப் பக்கமும் சுழற்றிப் பார்க்கலாம். மையத்திலிருந்து ஏதேனும் ஓர் அணுவரை கோடு இழுத்தால், தூரம் எண்ணாக வந்து நிற்கும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. எந்த அணுவரை கோடு இழுப்பது? போலியோ வைரஸ் வழவழப்பான பந்து அன்று. அதன் புரத உறையின் பெரும்பகுதி மையத்திலிருந்து ஏறத்தாழ 14 நானோமீட்டர் தொலைவில் முடிந்துவிடுகிறது. ஆனால், ஐந்து புரதத் தொகுதிகள் கூடும் முனைகளில் முகடுகள் எழுந்து 16.5 நானோமீட்டர் வரை நீள்கின்றன. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கிட்டால் அதில் ஒரு பங்கே ஒரு நானோமீட்டர். ஆக, ஒரே வைரஸின் குறுக்களவு 28 நானோமீட்டர் என்றும் சொல்லலாம், 33 நானோமீட்டர் என்றும் சொல்லலாம். இரண்டிலும் பிழையில்லை. எதற்காக அளக்கிறோம் என்பதைச் சொல்லாதவரை இரண்டும் முழுமையும் இல்லை.

அளவு என்பது பொருளை மட்டும் பொறுத்ததன்று. அளப்பவர் எழுப்பும் கேள்வியையும் பொறுத்தது. இந்த உண்மையை வைரஸ்களிடம் நேருக்கு நேர் சந்தித்து, அதைக் குழப்பமாகக் கருதாமல் சான்றாகவே மாற்றிக் காட்டியவர் ஒருவர் 1950-களில் இருந்தார். அவரிடம் சுழற்றிப் பார்க்கும் திரை இல்லை. எக்ஸ் கதிர்க் குழாயும் புகைப்படச் சுருளும் அளவுகோலும் கணக்குத் தாள்களும் இருந்தன. அவர் பெயர் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் கதையில் ஒரு புகைப்படத்தோடு சேர்த்து உலகம் அறிந்த பெயர் அது. அந்தப் புகைப்படத்துக்கு அப்பால் அவர் வாழ்ந்த ஐந்தாண்டுகள் நம் நினைவில் இடம்பெறாமல் போனது வருந்தத்தக்கது.

நிலக்கரியில் கற்ற பாடம்

1920 ஜூலை 25 அன்று லண்டனில், வங்கித் தொழிலில் ஈடுபட்டிருந்த வசதியான யூதக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். பெண்களுக்கும் இயற்பியலையும் வேதியியலையும் முறையாகக் கற்பித்த செயின்ட் பால்ஸ் பள்ளியில் படித்து, 1938-இல் கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரியில் சேர்ந்தார். 1941-இல் தேர்ச்சி பெற்றபோது, ஆண்களுக்கு நிகரான முழுப் பட்டத்தை அப்பல்கலைக்கழகம் பெண்களுக்கு வழங்கவில்லை. அந்த நிலை மாற 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அது இரண்டாம் உலகப் போரின் காலம். 1942-இல் பிரிட்டனின் நிலக்கரிப் பயன்பாட்டு ஆய்வுச் சங்கத்தில் அவர் பணியில் சேர்ந்தார். எரிபொருளாகவும், நச்சுவாயுவை வடிகட்டும் முகமூடிகளுக்கான கரியாகவும் நிலக்கரி நாட்டுக்குத் தேவைப்பட்டது. சில வகைக் கரிகள் வாயுவை எளிதில் ஊடுருவ விடுகின்றன; சில விடுவதில்லை. ஏன் என்பது அவர் முன் வைக்கப்பட்ட கேள்வி.

நிலக்கரியினுள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். அவற்றின் பருமனை அறிய, ஹீலியம் போன்ற மிகச் சிறிய அணுக்களாலான வாயுவையும், அதைவிடப் பெரிய மூலக்கூறுகளாலான திரவங்களையும் கரிக்குள் செலுத்தி, ஒவ்வொன்றும் எவ்வளவு இடத்தை நிரப்புகிறது என்று அவர் ஒப்பிட்டார். ஹீலியம் நுழைந்த இடமெல்லாம் பெரிய மூலக்கூறுகளால் நுழைய முடியவில்லை. ஆகவே ஒரே கரித்துண்டின் அடர்த்தி, அதை அளக்கப் பயன்படும் பொருளைப் பொறுத்து மாறியது. இந்த வேறுபாட்டை அவர் அளவைப் பிழை என்று ஒதுக்கவில்லை. துளைகளின் வாய் எவ்வளவு குறுகியது என்பதை அந்த வேறுபாடே சொல்லிவிடுகிறது என்று கண்டார். நிலக்கரி மூலக்கூறுகளைச் சலிக்கும் சல்லடையாகச் செயல்படுவதை அவர் ஆய்வு தெளிவாக்கியது. 1945-இல் முனைவர் பட்டமும் கிடைத்தது.

இன்றைய மூலக்கூறு மென்பொருள்கள் ஒரு புரதத்தின் மேற்பரப்பைக் கணக்கிடும் விதமும் இதுவே. நீர் மூலக்கூற்றுக்கு ஈடான, 0.14 நானோமீட்டர் ஆரமுள்ள கற்பனைக் கோளம் ஒன்றைப் புரதத்தின் மேல் உருட்டிப் பார்த்து, அது தொடும் எல்லையை மேற்பரப்பு என்று அவை வரைகின்றன. கோளத்தின் ஆரத்தை மாற்றினால் மேற்பரப்பும் மாறும். எதைக்கொண்டு தொடுகிறோமோ அதற்கேற்பவே விடை என்ற பாடத்தை ஃபிராங்க்ளின் தம் இருபதுகளின் தொடக்கத்திலேயே கரித்துண்டுகளிடம் கற்றிருந்தார்.

பாரிஸும் கிங்ஸ் கல்லூரியும்

1947-இல் அவர் பாரிஸ் சென்றார். அங்கு அரசு வேதியியல் ஆய்வகத்தில் ழாக் மெரிங் என்பவரிடம் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு முறையைக் கற்றுக்கொண்டார். ஒழுங்கற்றதாகத் தோன்றும் பொருள்களிலும் ஒளிந்திருக்கும் ஒழுங்கைக் கண்டறிய அந்த முறை உதவியது. சூடேற்றினால் கிராஃபைட்டாக மாறும் கரிகள், எவ்வளவு சூடேற்றினாலும் மாறாத கரிகள் என இரு வகைகளை அவர் பிரித்துக் காட்டிய ஆய்வு, இன்றும் கரிமப் பொருளியலில் அடிப்படையாகக் கருதப்படுகிறது. அவருடைய வாழ்வில் மகிழ்ச்சி மிகுந்திருந்த ஆண்டுகளும் அவையே.

1951 ஜனவரியில் லண்டன் கிங்ஸ் கல்லூரிக்கு வந்தபோது, டி.என்.ஏ. இழைகளை ஆராயும் பணி அவரிடம் அளிக்கப்பட்டது. அங்கு ஏற்கெனவே அதே பொருளில் ஈடுபட்டிருந்த மாரிஸ் வில்கின்ஸுக்கும் அவருக்கும் யார் பொறுப்பு எதுவரை என்பது தெளிவாக வரையறுக்கப்படவில்லை. துறைத் தலைவர் ஜான் ராண்டல் ஏற்படுத்திய இந்தக் குழப்பம், இருவருக்கும் இடையே ஆறாத மனக்கசப்பாக வளர்ந்தது. ஆயினும் பணி நடந்தது. ஈரப்பதம் மாறும்போது டி.என்.ஏ. இரு வேறு வடிவங்களை எடுக்கிறது என்பதை ஃபிராங்க்ளின், தம் மாணவர் ரேமண்ட் காஸ்லிங்குடன் சேர்ந்து நிறுவினார். இரண்டையும் தனித்தனியே படமெடுத்து அளந்தார். 1952 மே மாதத்தில் எடுக்கப்பட்ட படங்களுள் ஒன்றே 'புகைப்படம் 51'.

அதன் பின் நடந்தவை பலரும் அறிந்தவை. 1953 ஜனவரியில் அந்தப் படம் அவருக்குத் தெரியாமலே ஜேம்ஸ் வாட்சனுக்குக் காட்டப்பட்டது. அவருடைய அளவீடுகள் அடங்கிய அறிக்கை ஒன்றும் வேறு வழியாக ஃபிரான்சிஸ் கிரிக்கின் கைக்குப் போய்ச்சேர்ந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 25 அன்று 'நேச்சர்' இதழில் இரட்டைச் சுருள் வடிவத்தை வாட்சனும் கிரிக்கும் அறிவித்தபோது, ஃபிராங்க்ளினின் கட்டுரை அதற்குத் துணைச் சான்றுபோல் அதே இதழில் இடம்பெற்றது. 1962-இல் நோபல் பரிசு வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கும் வழங்கப்பட்டபோது அவர் உயிருடன் இல்லை.

இந்த அநீதியைப் பேசுவது தேவையே. ஆனால், அவருடைய கதையை இந்த இடத்திலேயே நிறுத்திவிடுவது மற்றுமோர் அநீதி. இரட்டைச் சுருள் அறிவிக்கப்படுவதற்கு முன்பே, 1953 மார்ச்சில், அவர் லண்டன் பர்க்பெக் கல்லூரிக்கு இடம்பெயர்ந்துவிட்டார். அங்கு இயற்பியல் துறைத் தலைவராக இருந்தவர் ஜே.டி.பெர்னல். இனி டி.என்.ஏ. பக்கம் கவனம் செலுத்த வேண்டாம் என்று ராண்டல் கடிதம் எழுதினார். ஃபிராங்க்ளின் வைரஸ்களின் பக்கம் திரும்பினார்.

தேமல் நோயின் குச்சிகள்

புகையிலை, தக்காளி, மிளகாய்ச் செடிகளின் இலைகளில் வெளிர்ந்த திட்டுகளை உண்டாக்கும் தேமல் நோய் உழவர்கள் நன்கறிந்தது. பாக்டீரியாவைத் தடுத்து நிறுத்தும் வடிகட்டியையும் கடந்துசெல்லும் ஏதோவொன்று புகையிலையில் இந்நோயைப் பரப்புகிறது என்று 1892-இல் ரஷ்யாவின் இவனோவ்ஸ்கி காட்டினார். 1898-இல் நெதர்லாந்தின் பெயரிங்க் அதை முற்றிலும் புதுவகை நோய்க்காரணி என்று அறிவித்தார். வைரஸ் இயல் பிறந்ததே புகையிலைத் தேமல் வைரஸில்தான். 1935-இல் அமெரிக்காவின் வெண்டல் ஸ்டான்லி அதைப் படிக வடிவில் பிரித்தெடுத்தார். அதில் புரதத்தோடு ஆர்.என்.ஏ.வும் உண்டு என்று பிரிட்டனின் பாடனும் பைரியும் கண்டறிந்தனர். பெர்னலும் ஐசடோர் ஃபான்குச்சனும் அதே காலத்தில் அதை எக்ஸ் கதிரால் படமெடுத்து, மெல்லிய குச்சி வடிவிலானது என்று காட்டினர்.

ஃபிராங்க்ளின் பர்க்பெக்கில் தொடங்கியபோது இருந்த நிலை இதுவே. குச்சி என்று தெரியும். குச்சிக்குள் என்ன என்று தெரியாது. புரதத் துண்டுகள் சுருள் படிக்கட்டுபோல் அடுக்கப்பட்டிருக்கலாம் என்று வாட்சன் கேம்பிரிட்ஜில் தாம் எடுத்த படம் ஒன்றிலிருந்து கருதியிருந்தார். அதை உறுதிப்படுத்தத் தெளிவான படங்களும் துல்லியமான அளவீடுகளும் தேவைப்பட்டன.

வைரஸ் செறிந்த கரைசலை மயிரிழைபோன்ற கண்ணாடிக் குழாயில் நிரப்பினால், குச்சிகள் ஒன்றுக்கொன்று இணையாகத் திரும்பி வரிசையில் அமைகின்றன. அவற்றின் ஊடாக எக்ஸ் கதிரைச் செலுத்தினால், பின்னால் உள்ள படச்சுருளில் கோடுகளும் புள்ளிகளுமாக ஒரு கோலம் பதிகிறது. அது பொருளின் நேரடிப் படமன்று. கோலத்தின் மையத்துக்கு அருகில் விழும் புள்ளிகள் பொருளில் உள்ள பெரிய இடைவெளிகளையும், தள்ளி விழுபவை சிறிய இடைவெளிகளையும் குறிப்பவை. ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு கறுத்திருக்கிறது என்பதை அளந்து, நீண்ட கணக்குகளைப் போட்ட பிறகே குச்சியின் உள்ளமைப்பு புலப்படும். படமெடுக்கும் பொறுமை, அளக்கும் பொறுமை, கணக்கிடும் பொறுமை மூன்றும் ஒருசேர வேண்டிய பணி அது. ஃபிராங்க்ளினிடம் மூன்றும் இருந்தன.

குச்சியின் தடிமன் என்ன என்பதே முதல் புதிர். காய்ந்த நிலையில் வைரஸ்கள் நெருங்கிக் கிடக்கும்போது, பக்கத்துப் பக்கத்துக் குச்சிகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம் சுமார் 15 நானோமீட்டர் என்று பெர்னலும் ஃபான்குச்சனும் அளந்திருந்தனர். அடுக்கிவைத்த இரு பென்சில்களின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம் பென்சிலின் தடிமனுக்குச் சமம் அல்லவா? அப்படியானால் வைரஸின் தடிமனும் 15 நானோமீட்டர்தான். ஆனால் எக்ஸ் கதிர்க் கோலத்தை அலசியபோது, புரதம் மையத்திலிருந்து அதைவிட வெளியே, ஏறத்தாழ 9 நானோமீட்டர் வரை நீள்வது தெரிந்தது. அப்படியானால் தடிமன் 18 நானோமீட்டர் ஆக வேண்டும். எது சரி?

இரண்டும் சரி என்பதே 1956-இல் ஃபிராங்க்ளினும் ஆரன் க்ளூக்கும் கண்ட விடை. அந்தக் குச்சி பென்சில்போல் வழவழப்பானதன்று. திருகாணிபோல் மரை ஓடியது. இரு திருகாணிகளைப் பக்கவாட்டில் நெருக்கிவைத்தால், ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் சென்று அமர்ந்துகொள்ளும். அப்போது அவற்றின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம், திருகாணியின் முழுத் தடிமனைவிடக் குறைவாகவே இருக்கும். ஒன்றோடொன்று முரண்பட்ட இரு எண்களுள் ஒன்றைத் தள்ளிவிட்டு மற்றதை ஏற்பது எளிது. சராசரி எடுத்து ஒப்பேற்றுவது அதைவிட எளிது. அவர்கள் இரண்டையும் நம்பினார்கள். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க வேண்டுமானால் பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். அந்த முரண்பாட்டிலிருந்தே மேற்பரப்பின் வடிவம் வெளிப்பட்டது.

எண்களுக்காக ஒரு போராட்டம்

நீளத்தின் கதை வேறு வகையானது. எல்லாக் குச்சிகளும் ஒரே நீளம், அதாவது 300 நானோமீட்டர் கொண்டவை என்று 1955-இல் ஃபிராங்க்ளின் எழுதினார். பல நீளங்களில் குச்சிகள் இருப்பதாகக் கருதிய நார்மன் பைரி இதைக் கடுமையாக எதிர்த்தார். தாவர வைரஸ் துறையில் பைரி மூத்தவர், செல்வாக்கு மிக்கவர். ஃபிராங்க்ளினின் குழுவுக்கு நிதியளித்துவந்த வேளாண் ஆய்வு மன்றத்தில் அவருடைய கருத்துக்கு எடை இருந்தது. ஃபிராங்க்ளின் பின்வாங்கவில்லை. முழுமையான வைரஸ் ஒரே நீளமுடையது, குறைந்த நீளத்தில் தென்படுபவை உடைந்த துண்டுகள் என்ற அவருடைய நிலைப்பாடே பின்னர் நிலைபெற்றது.

நீளம் இவ்வளவு துல்லியமாக இருப்பதற்குக் காரணம், உள்ளே ஓடும் ஆர்.என்.ஏ. இழையின் நீளம். அந்த இழை எங்கே இருக்கிறது? மின்கம்பியின் நடுவில் செம்பு ஓடுவதுபோல் அது குச்சியின் நட்டநடுவில் ஓடும் என்று எண்ணுவது இயல்பே. ஆர்.என்.ஏ. உள்ள வைரஸ்களையும், ஆர்.என்.ஏ. நீக்கப்பட்ட பின் புரதம் மட்டும் மீண்டும் கூடி உருவான குச்சிகளையும் ஃபிராங்க்ளின் தனித்தனியே படமெடுத்து ஒப்பிட்டார். இரண்டின் அடர்த்திக்கும் இடையே வேறுபாடு எழுந்த இடம் மையத்திலிருந்து 4 நானோமீட்டர் தொலைவில் இருந்தது. நடுவில் இருப்பது வெற்றுத் துளை என்று அமெரிக்காவைச் சேர்ந்த டொனால்டு காஸ்பர் அதே 1956-இல் காட்டினார். இருவரின் கட்டுரைகளும் 'நேச்சர்' இதழில் அடுத்தடுத்து வந்தன. மரபுச் செய்தியைத் தாங்கிய இழை, புரதச் சுவருக்குள்ளேயே பதிந்து, சுருளோடு சுருளாகச் சுற்றிச்செல்கிறது என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

அடுத்த கேள்வி, ஒரு சுற்றில் எத்தனை புரதத் துண்டுகள் என்பது. ஒவ்வொரு துண்டிலும் ஒரு பாதரச அணுவைப் பிணைத்து, பாதரசம் உள்ள வைரஸையும் இல்லாத வைரஸையும் ஒப்பிடும் முறையை மாணவர் கென்னத் ஹோம்ஸுடன் சேர்ந்து அவர் கையாண்டார். சுருளின் மூன்று சுற்றுகளுக்கு 49 துண்டுகள் என்ற எண் 1958-இல் உறுதியானது. சுற்றுக்குச் சுற்று இடைவெளி 2.3 நானோமீட்டர். முழு வைரஸிலும் சுமார் 2,130 துண்டுகள். அவற்றால் பொதியப்பட்ட ஆர்.என்.ஏ.வில் சுமார் 6,400 எழுத்துகள். ஒவ்வொரு புரதத் துண்டும் மூன்று எழுத்துகளைப் பிடித்திருக்கிறது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலான பின்பும், எவ்வளவோ நுட்பமான கருவிகள் வந்த பின்பும், இந்த எண்கள் அப்படியே நிற்கின்றன. இன்று எந்த மென்பொருளில் புகையிலைத் தேமல் வைரஸைத் திறந்தாலும், ஒரே ஒரு புரதத் துண்டை இந்த 49-க்கு மூன்று என்ற கணக்கின்படி திரும்பத் திரும்பச் சுழற்றி அடுக்கித்தான் முழுக் குச்சியும் கட்டியெழுப்பப்படுகிறது.

நோயும் கடைசிப் பணியும்

டாரிங்டன் சதுக்கத்தில் இருந்த பழைய வீடு ஒன்றே அவருடைய ஆய்வகம். மேல்மாடியில் அவர் அறை. நிலவறையில் எக்ஸ் கதிர்க் கருவிகள். க்ளூக், ஹோம்ஸ், ஜான் ஃபின்ச் ஆகியோருடன் அவர் அமைத்துக்கொண்ட சிறு குழு அங்கு ஒற்றுமையாகப் பணியாற்றியது. அந்த ஐந்தாண்டுகளில் வைரஸ்கள் குறித்து அவர் பங்களித்த ஆய்வுக் கட்டுரைகள் 17. கிங்ஸ் கல்லூரியில் எவருடனும் ஒத்துப்போகாதவராகச் சித்திரிக்கப்பட்ட பெண், பர்க்பெக்கில் இளையோர் விரும்பிச் சேரும் வழிகாட்டியாக இருந்தார் என்பதையும் நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

1956 கோடையில் அமெரிக்கப் பயணத்தின்போது உடல்நலக் குறைவு தெரிந்தது. லண்டன் திரும்பியதும் கருப்பைச் சூலகப் புற்றுநோய் என்று கண்டறியப்பட்டு அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. தேறிவந்த நாள்களில் சில காலம் கேம்பிரிட்ஜில் கிரிக் குடும்பத்தாரின் வீட்டில் அவர் தங்கினார். இந்தச் செய்தி, பகைவர்களும் பலியானவரும் மட்டுமே கொண்ட கதையில் பொருந்தாது. தம் அளவீடுகள் எந்த அளவுக்கு இரட்டைச் சுருளுக்கு உதவின என்பதை அவர் முழுமையாக அறிந்திருந்ததாகத் தெரியவில்லை. கிரிக்குடனும் வாட்சனுடனும் வைரஸ் ஆய்வு குறித்துத் தொடர்ந்து கருத்துப் பரிமாறிக்கொண்டார் என்பதே உண்மை.

நோயோடு நிதித் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. வேளாண் ஆய்வு மன்றத்தின் உதவி தொடர்வது ஐயத்துக்குள்ளானபோது, அவர் அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்களுக்கு விண்ணப்பித்து, 1957-இல் மூன்றாண்டுகளுக்கான நிதியைப் பெற்றார். தாம் அந்த மூன்றாண்டுகளைக் காண்பது உறுதியில்லை என்று தெரிந்திருந்தும், குழுவினரின் வேலை நிற்கக் கூடாது என்பதற்காக எடுத்த முயற்சி அது. அந்த நிதியைக்கொண்டு தொடங்கிய பணிதான் போலியோ வைரஸ் ஆய்வு. அமெரிக்காவில் படிகமாக்கப்பட்ட வைரஸ் லண்டனுக்கு வந்தது. உயிருள்ள போலியோ வைரஸைக் கட்டடத்துக்குள் வைத்திருப்பதற்கு எதிர்ப்பும் எழுந்தது. தடுப்பூசி அப்போதுதான் பரவலாகிக்கொண்டிருந்த காலம் என்பதால் அந்த அச்சம் புரிந்துகொள்ளத்தக்கதே.

1958-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் உலகக் கண்காட்சி நடக்கவிருந்தது. அதன் அறிவியல் அரங்குக்கு வைரஸ் மாதிரிகளைச் செய்துதரும்படி ஃபிராங்க்ளினின் குழுவிடம் கேட்கப்பட்டது. மேஜைப்பந்து விளையாட்டின் பந்துகளையும், சைக்கிள் கைப்பிடியில் மாட்டும் பிளாஸ்டிக் உறைகளையும் கொண்டு மாதிரிகள் உருவாயின. புகையிலைத் தேமல் வைரஸ் ஐந்தடி உயரத்துக்கு எழுந்தது. எண்களாக மட்டும் இருந்த ஒன்றை மக்கள் சுற்றிவந்து பார்க்கும் உருவமாக மாற்றிய அந்த மாதிரிகளை, இன்றைய கணினித் திரைக் காட்சிகளின் முன்னோடி எனலாம். கண்காட்சி ஏப்ரல் 17 அன்று திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய நாள் ஃபிராங்க்ளின் காலமானார். அப்போது அவருக்கு வயது 37. தம் உயிலில் க்ளூக்குக்கு 3,000 பவுண்டும் தம் ஆஸ்டின் காரையும் அவர் விட்டுச்சென்றார்.

அவருக்குப் பின்

ஃபின்ச்சும் க்ளூக்கும் போலியோ ஆய்வை முடித்து 1959-இல் வெளியிட்டு, கட்டுரையை அவர் நினைவுக்குக் காணிக்கையாக்கினர். இருபது முக்கோண முகங்களைக் கொண்ட உருவத்தின் சமச்சீர்மையோடு அந்த வைரஸின் புரத உறை அமைந்திருக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. 1962-இல் காஸ்பரும் க்ளூக்கும் இதனைப் பொதுவிதியாக விரித்தனர். உருண்டை வைரஸ்களின் உறை அறுபது அல்லது அதன் மடங்குகளிலான புரதத் துண்டுகளால் எவ்வாறு கட்டப்படுகிறது என்பதை அந்த விதி விளக்கியது. போலியோ வைரஸின் ஒவ்வோர் அணுவும் எங்கே இருக்கிறது என்பது 1985-இல் தெரியவந்தது. வைரஸ் அமைப்பு ஆய்வுகளுக்கும் அவை சார்ந்த நுண்ணோக்கி முறைக்குமாக க்ளூக் 1982-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றபோது, பெரிய கடினமான சிக்கல்களைத் துணிந்து எடுத்துக்கொள்ளத் தமக்கு முன்மாதிரியாக இருந்தவர் என்று ஃபிராங்க்ளினைத் தம் நோபல் உரையில் நினைவுகூர்ந்தார்.

கொரோனா பெருந்தொற்றுக்குப் பின் வைரஸின் உருவம் சிறு பிள்ளைகளுக்கும் பழக்கமாகிவிட்டது. அதன் அளவும் செய்திகளில் ஒற்றை எண்ணாக வந்துபோகிறது. அந்த எண்ணுக்குப் பின்னால், எந்த நிலையில், எதைக்கொண்டு, எந்த எல்லைவரை அளந்தார்கள் என்ற கேள்விகள் மறைந்திருக்கின்றன. மின்னணு நுண்ணோக்கிக்காக உலர்த்தப்படும் வைரஸ் சுருங்கலாம். கரைசலில் மிதக்கும் வைரஸ் தன்னோடு நீர்ப்படலத்தையும் இழுத்துச்செல்வதால் ஒளிச்சிதறல் முறையில் பெரிதாகத் தெரியலாம். அசைந்துகொண்டே இருக்கும் புரத நுனிகள் தரவு வங்கியின் கோப்பில் இடம்பெறாமலே போகலாம். மென்பொருள் பொய் சொல்வதில்லை. கேட்டதற்கு மட்டும் விடை சொல்கிறது. கேட்கத் தெரிந்திருப்பது அளப்பவரின் பொறுப்பு. மருந்து மூலக்கூறு உறையின் எந்தப் பள்ளத்தில் பொருந்தும், உறைக்குள் எவ்வளவு நீள மரபிழையை அடைக்கலாம் என்பதையெல்லாம் கணிக்கும் இன்றைய ஆய்வுகளில் இது வெறும் சொல்நுணுக்கம் இல்லை. வெற்றி தோல்வியை முடிவுசெய்யும் காரணி.

ஒரு வாழ்வை அளப்பதற்கும் இது பொருந்தும். வாட்சனின் நூல் 1968-இல் ஃபிராங்க்ளினை எரிச்சலூட்டும் துணைப்பாத்திரமாகச் சுருக்கியது. அதற்கு மறுப்பாக எழுந்த குரல்கள் அவருக்கு உரிய இடத்தை மீட்டுத்தந்தன. எனினும் அவை பெரும்பாலும் ஒரே புகைப்படத்தையே சுற்றிவந்தன. பறிகொடுத்தவர் என்ற அளவுகோலால் மட்டும் அளந்தால், அவர் கட்டியெழுப்பியவை கணக்கில் வாராமல் போய்விடும். நிலக்கரியின் துளைகள், டி.என்.ஏ.வின் இரு வடிவங்கள், வைரஸின் மரை, 4 நானோமீட்டர் தொலைவில் சுற்றும் இழை, 49 என்ற எண் ஆகிய அனைத்தையும் சேர்த்தே அவரை அளக்க வேண்டும்.

லண்டனின் வில்ஸ்டன் யூதக் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. அவர் அறிவியலாளர் என்பதும், வைரஸ்கள் குறித்த அவருடைய ஆய்வுகள் மனித குலத்துக்கு நிலைத்த நன்மை தருபவை என்பதும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. டி.என்.ஏ. என்ற சொல் அந்தக் கல்லில் இல்லை.